பாட்டு, புலவர், திணை: சேர்ந்தே நகர வேண்டியவை

அகநானூற்றுப் பாடல் ஒன்றின் திணையை அறியப் பாடலைப் படிக்க வேண்டியதில்லை. அதன் எண் தெரிந்தால் போதும். ஒற்றைப்படை எண் என்றால் பாலை. எண் 2-இலோ 8-இலோ முடிந்தால் குறிஞ்சி, 4-இல் முடிந்தால் முல்லை, 6-இல் முடிந்தால் மருதம், சுழியில் முடிந்தால் நெய்தல். நானூறு பாடல்களில் 200 பாலை, 80 குறிஞ்சி, மற்ற மூன்று திணைகளுக்கும் நாற்பது நாற்பது. தொகுத்தவர் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்று நூலின் பழங்குறிப்பு சொல்கிறது. திணையை ஒவ்வொரு பாடலின் கீழும் எழுதிவைக்கும் தேவை அவருக்கு இல்லை. பாடல் நிற்கும் இடத்திலேயே அதைப் பதித்துவிட்டார்.

அந்த ஏற்பாட்டின் அழகை நான் மிகவும் மதிக்கிறேன். அதிலுள்ள ஆபத்தையும் பார்க்க வேண்டும். யாராவது அந்த நானூறையும் முதற்குறிப்பு அகரவரிசையில் அடுக்கி, 1 முதல் 400 வரை புதிய எண் கொடுத்துவிட்டால், ஓர் எழுத்துக்கூட அழியாது. ஒரு பாடல்கூடக் குறையாது. ஆனால் திணை முழுவதும் தொலைந்துவிடும். இடத்தில் மட்டும் இருந்த தகவல், இடம் மாறியதும் இல்லாமல் போகிறது.

கணினி நிரல் எழுதுவோர் இதே சிக்கலை வேறொரு வடிவில் அன்றாடம் சந்திக்கிறார்கள். அவர்கள் அர்ரே என்றும் பாடநூல்கள் அணி என்றும் சொல்வது, வரிசையாக எண்ணிட்ட பெட்டிகளில் வைத்த மதிப்புகளின் பட்டியலை. ஒரு பட்டியலில் புலவர் பெயர்கள், இன்னொன்றில் திணை, மூன்றாவதில் கூற்று, நான்காவதில் பாடல் என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் ஒன்றாகக் கட்டியிருப்பது ஒரே ஓர் ஒப்பந்தம்தான்: முதல் பட்டியலின் ஏழாவது பெட்டியும் நான்காவது பட்டியலின் ஏழாவது பெட்டியும் ஒரே பாடலைப் பற்றியவை. இந்த ஒப்பந்தம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. எழுதியவரின் மனத்தில் மட்டும் இருக்கும்.

பழைய ஃபோர்ட்ரான் மொழியில் இப்படி எழுதுவதைத் தவிர வழியே இருக்கவில்லை. ஒரு பாடலைப் பற்றிய எல்லாத் தகவல்களையும் ஒரே பதிவாகக் கட்டிவைக்கும் வசதி அந்த மொழிக்கு ஃபோர்ட்ரான் 90 வரும்வரை வாய்க்கவில்லை. அறிவியல் கணக்கீட்டில் தனித்தனிப் பட்டியல்களாக வைக்கும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. எண்களை மட்டும் ஒரே சீராக அடுக்கிவைத்தால் கணினி அவற்றை வேகமாகப் படிக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சிக்கல் எப்படித் தலைகாட்டுகிறது என்பதைக் குறுந்தொகையின் அடுத்தடுத்த நான்கு பாடல்களை வைத்துப் பார்க்கலாம். 40-ஆம் பாடல் செம்புலப்பெயனீரார் பாடியது; குறிஞ்சி, தலைவன் கூற்று. 41 அணிலாடு முன்றிலார் பாடியது. பாலை, தலைவி கூற்று. 42 கபிலர், குறிஞ்சி, தோழி கூற்று. 43 ஔவையார், பாலை, தலைவி கூற்று. புலவர் பெயரை மட்டும் அகரவரிசைப்படுத்தச் சொன்னால் நிரல் தரும் விடை: அணிலாடு முன்றிலார், ஔவையார், கபிலர், செம்புலப்பெயனீரார். பெயர்ப் பட்டியலாக இது சரிதான். ஆனால் மற்ற மூன்று பட்டியல்களும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. 40-ஆம் பாடலுக்கு இப்போது அணிலாடு முன்றிலார் ஆசிரியர்; 41-க்கு ஔவையார்; 43-க்குச் செம்புலப்பெயனீரார்.

கணினி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. நான்கு பட்டியல்களிலும் நான்கு நான்கு மதிப்புகள் இருக்கின்றன. எதுவும் குறையவில்லை, எதுவும் கூடவில்லை. இன்னும் மோசமான செய்தி 42-இல் இருக்கிறது. அகரவரிசையிலும் கபிலர் மூன்றாமிடத்துக்கே வருவதால் அந்தப் பாடல் தற்செயலாகச் சரியாக இருக்கிறது. சரிபார்ப்பவர் நடுவில் ஒரு வரியை எடுத்து, கபிலர், குறிஞ்சி, தோழி என்று பார்த்துத் திருப்தியடைந்து எழுந்துவிடலாம். நான்கில் மூன்று பொய்யாகிவிட்ட பட்டியல் அப்படியே ஆய்வேட்டுக்குள் போகும்.

எக்செல் போன்ற விரிதாளில் ஒரே ஒரு நெடுவரிசையைத் தேர்ந்து அடுக்க முயன்றால், பக்கத்திலுள்ளவற்றையும் சேர்க்கவா என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டி கேட்கிறது. இந்த இழப்பு எவ்வளவு பரவலானது என்பதற்கு அந்தப் பெட்டியே சான்று. பி.எச்.பி. மொழியில் பல பட்டியல்களைச் சேர்த்து அடுக்குவதற்கென்றே அர்ரே மல்ட்டிசார்ட் என்ற செயற்கூறு உண்டு. முதலில் கொடுக்கும் பட்டியலை வைத்து அடுக்கும். அதில் சமமாக இருப்பவற்றை இரண்டாவது பட்டியலால் பிரிக்கும். மற்றவற்றை அதே போக்கில் இழுத்துச் செல்லும். பட்டியல்களின் நீளம் வேறுபட்டால் மறுத்துவிடும். நீளம் ஒன்றாக இருந்து உள்ளே ஓரிடம் வழுக்கியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க அந்தச் செயற்கூற்றாலும் முடியாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. இரண்டையும் சென்னையின் பதிப்பு வரலாறு கணினிக்கு வெகுமுன்பே செய்து காட்டியிருக்கிறது.

முதலாவது உ.வே. சாமிநாதையர் செய்தது. 1894-இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏட்டில் இருந்த பாடல் வரிசையைத் தொடவில்லை. புறநானூற்றின் ஒவ்வொரு பாடலுக்கும், ஏடு சிதையாத இடங்களில், திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்ற குறிப்பு உண்டு. ஔவையார் பாடியவை எவை என்று தேடுபவர் ஒருவர். அதியமானைப் பற்றியவை எவை என்று தேடுபவர் இன்னொருவர். ஒரே நூலை இருவருக்கும் ஏற்ப இரண்டு விதமாக அடுக்க முடியாது. ஐயர் பாடல்களை அப்படியே விட்டுவிட்டு, பாடினோர், பாடப்பட்டோர் பற்றிய பகுதிகளைத் தனித்தனியே எழுதிச் சேர்த்தார். அங்கிருந்து பாடலுக்குப் போக எண்கள் வழிகாட்டும்.

கணினியியலில் இந்த உத்திக்கு ஒரு தெளிவான வடிவம் உண்டு. மதிப்புகளை அடுக்காதே, அவற்றின் இட எண்களை அடுக்கு. நம் நான்கு பாடல்களில், புலவர் பெயர்ப்படி முதலில் வர வேண்டியது இரண்டாம் இடத்தில் இருக்கிறது; அடுத்து நான்காம் இடம்; பிறகு மூன்று; கடைசியில் ஒன்று. ஆக 2, 4, 3, 1 என்ற ஒரு சிறு பட்டியல் கிடைக்கிறது. எந்தப் பட்டியலை வேண்டுமானாலும் இந்த வழியாகப் படிக்கலாம். திணையைப் படித்தால் பாலை, பாலை, குறிஞ்சி, குறிஞ்சி. கூற்றைப் படித்தால் தலைவி, தலைவி, தோழி, தலைவன். எதையும் நகர்த்தவில்லை, ஆகவே எதுவும் பிரியவில்லை. கென்னத் ஐவர்சன் உருவாக்கிய ஏ.பி.எல். மொழியில் இதற்கென ஒற்றைக் குறியே உண்டு. இன்று பைத்தானில் எண்களோடு வேலை செய்வோர் நம்பை தொகுப்பின் ஆர்க்சார்ட் என்ற செயற்கூற்றை அழைப்பதும் இதற்குத்தான். புலவர்வழி ஒன்று, திணைவழி ஒன்று, அடியளவுவழி ஒன்று என்று எத்தனை இட எண் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், மூலம் ஒன்றே.

இரண்டாவது தீர்வு ச. வையாபுரிப் பிள்ளையுடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1936 வரை இருந்தவர் அவர். சொற்களை அடுக்குவதையே பல ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்த அவர், 1940-இல் சைவ சித்தாந்த மகாசமாஜத்தின் வழியே சங்க இலக்கியம் முழுவதையும் ஒரே தொகுப்பாக வெளியிட்டார். அதில் எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்ற பழைய எல்லைகளைத் தாண்டிப் புலவர் பெயர் அகரவரிசையில் பாடல்களை அடுக்கினார். 2381 பாடல்கள், பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர், பாடியவர் பெயர் கிடைக்காத பாடல்கள் 102 என்று இன்று எல்லோரும் எடுத்தாளும் கணக்கு அந்தப் பணியிலிருந்து வருவது.

அது ஒவ்வொரு பாடலையும் அதன் முழுச் சுமையோடு தூக்கிப் புதிய இடத்தில் வைக்கும் வேலை. ஒரு பாடல் குறுந்தொகையிலிருந்து வந்தது, அதன் எண் இது, திணை இது என்பதெல்லாம் கூடவே வந்தாக வேண்டும். பலன் பெரிது. கபிலரின் அகப்பாடல்களும், பாரியைப் பற்றிய புறப்பாடல்களும், பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தும், குறிஞ்சிப்பாட்டும் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எட்டு நூல்களில் சிதறிக் கிடந்த ஒரு கவிஞர் ஒருவராகக் கண்ணுக்குத் தெரிந்தார். இட எண் பட்டியலால் இந்தக் காட்சியைத் தர முடியாது. வாசகர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். நிரலிலும் அப்படித்தான்: ஒருமுறை அடுக்கிப் பலமுறை தொடர்ந்து படிக்கப் போகிறோம் என்றால் நகர்த்திவிடுவதே நல்லது. ஆனால் பதிவு முழுவதும் ஒன்றாகக் கட்டப்பட்டு நகர வேண்டும், பழைய இடமும் அதற்குள் ஒரு தகவலாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அகநானூற்றை அடுக்குபவர் முதலில் செய்ய வேண்டியது, எண்ணிலிருந்து திணையைக் கணக்கிட்டுத் தனி நெடுவரிசையில் எழுதிக்கொள்வதுதான். ஐங்குறுநூற்றுக்கு இன்னும் அதிகம் தேவை. அங்கே முதல் நூறு என்றால் மருதம், ஓரம்போகியார். மூன்றாம் நூறு என்றால் குறிஞ்சி, கபிலர். திணை, புலவர் இரண்டையும் அங்கே இடம்தான் சொல்கிறது.

ஒரு புலவருக்குள் பாடல்கள் என்ன வரிசையில் நிற்க வேண்டும்? முதலில் நூலும் எண்ணுமாக அடுக்கிவிட்டு, பிறகு புலவர் பெயரால் அடுக்கினால், சமமான பெயர்களுக்குள் பழைய எண் வரிசை காப்பாற்றப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்போம். எல்லா வரிசையாக்க முறைகளும் அந்த உறுதியைத் தருவதில்லை. பைத்தானுக்காக டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய முறை அதைத் தருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலை 2019-இல்தான் அதைக் கட்டாயமாக்கியது. பி.எச்.பி. 2020-இல் வந்த 8-ஆம் பதிப்பில்தான் அந்த நிலைக்கு வந்தது. அதற்கு முந்தைய மென்பொருளால் அடுக்கிய பட்டியல்களைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

அடுக்குவதைவிட ஆபத்தானது வெற்றிடம். நற்றிணையில் 234-ஆம் பாடல் ஏட்டில் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. புறநானூற்றில் 267, 268 இல்லை. பதிப்பாசிரியர்கள் அந்த எண்களை வெறுமையாக விட்டு, அடுத்த பாடலுக்கு அதனுடைய எண்ணையே கொடுத்தார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நற்றிணையின் வெற்றிடத்தை ஒரு நெடுவரிசையில் மட்டும் நீக்கி மேலே இழுத்துவிட்டால், 235 முதல் 400 வரை எல்லாப் புலவர்களும் ஒரு பாடல் முன்னால் தள்ளப்பட்டுவிடுவார்கள். 102 பெயரில்லாப் பாடல்களும் அப்படியே. பெயர் இல்லை என்பதையும் ஒரு மதிப்பாகப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

வழுக்கலைக் கண்டுபிடிக்கச் சங்க இலக்கியமே ஓர் அரிய வசதியைத் தந்திருக்கிறது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் போன்றவர்களின் இயற்பெயர் தெரியவில்லை. அவர்கள் பாட்டிலுள்ள தொடரே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. ஆகவே புலவர் நெடுவரிசையும் பாடல் நெடுவரிசையும் அந்த இடங்களில் ஒன்றையொன்று சாட்சி சொல்கின்றன. பெயரிலுள்ள தொடர் பாடலுக்குள் இருக்கிறதா என்று பத்து வரி நிரலால் தேடிப் பார்த்துவிடலாம். இல்லையென்றால் எங்கோ ஒரு நெடுவரிசை நழுவியிருக்கிறது. சங்கத் தரவை அடுக்கும் எவரும் வேலை முடிந்ததும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது என்பேன்.

புலவர் பெயரை அகரவரிசைப்படுத்து என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். கணினிக்குத் தமிழ் அகரவரிசை தானாகத் தெரியாது. யூனிகோட் நம் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண்கள் பிற இந்திய எழுத்துகளின் அமைப்பை ஒட்டியவை. அங்கே ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, அதன்பின் ழ, பிறகுதான் வ. புள்ளிக்குரிய எண் எல்லா உயிர்க்குறிகளையும் விடப் பெரியது. ஆகவே வெறும் எண்களை ஒப்பிட்டு அடுக்கும் நிரல், அள்ளூர் நன்முல்லையாரை அழிசி நச்சாத்தனாருக்கு முன் வைக்கும். நம் வரிசையில் ழகரம் முன், ளகரம் பின். நன்னாகையாரை நம்பி குட்டுவனுக்கும் நல்லந்துவனாருக்கும் முன்னால் கொண்டுவரும்; நமக்கோ னகரம் கடைசி மெய். கண்ணகனாருக்கு முன் கணக்காயன் தத்தனாரை வைக்கும். நம் அகராதிகளில் ண் என்ற மெய் ண என்ற உயிர்மெய்க்கு முந்தியது.

இங்கேதான் சேர்த்து அடுக்கும் உத்தியின் உண்மையான பயன் தெரிகிறது. புலவர் பெயரைத் தொடாமல், அதன் ஒவ்வோர் எழுத்தையும் தமிழ் நெடுங்கணக்கில் அதற்குரிய வரிசை எண்ணாக மாற்றிப் பக்கத்தில் ஒரு புதிய நெடுவரிசை எழுதுகிறோம். அடுக்குவது அந்த எண்களை. பெயரும் பாடலும் திணையும் அவற்றைத் தொடர்ந்து வருகின்றன. வேலை முடிந்ததும் எண் நெடுவரிசையை எறிந்துவிடலாம். தமிழ் வரிசை விதிகளை ஏற்கெனவே அறிந்த ஐ.சி.யு. போன்ற மென்பொருள் நூலகங்களும் உள்ளே செய்வது அடிப்படையில் இதுதான்.

இதே கருவி இன்னொரு பெரிய பணியிலும் இருக்கிறது. சென்னையில் வாழ்ந்து 2018-இல் மறைந்த ஐராவதம் மகாதேவனின் சிந்து எழுத்துத் தொடரடைவு அது. கணினியின் துணையோடு உருவாகி, இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக 1977-இல் வந்தது. 2906 பொருள்களில் உள்ள 3573 எழுத்து வரிகள், 417 குறிகள். ஒவ்வொரு வரியோடும் அது கிடைத்த இடம், பொறிக்கப்பட்ட பொருளின் வகை, கூடவே உள்ள விலங்குருவம் முதலியவை கட்டப்பட்டிருக்கின்றன. படிக்க முடியாத எழுத்தை ஆராய்பவருக்குப் பொருள் உதவாது. அடுக்குதல் மட்டுமே உதவும். ஒரு குறி வரும் எல்லா இடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, அதற்கு முன்னும் பின்னும் எவை வருகின்றன என்று பார்க்க வேண்டும். சாடி போன்ற 342-ஆம் குறி 1395 முறை வருகிறது. பெரும்பாலும் தொடரின் இறுதியில். வரிகளை இறுதியிலிருந்து தலைகீழாக ஒப்பிட்டு அடுக்கும்போதுதான் இத்தகைய செய்தி பளிச்சென்று தெரியும். மூல வரியை யாரும் திருப்பி எழுதுவதில்லை. அடுக்குவதற்காக மட்டும் திருப்பிய ஒரு நகல் பக்கத்தில் நிற்கிறது. தமிழ்ப் பெயருக்கு எண் நெடுவரிசை செய்ததும் இந்த நகலைச் செய்வதும் ஒரே வேலை.

அடையாற்றைத் தாண்டித் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சிந்துவெளி ஆய்வு மையம் இயங்குகிறது. அதே தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் அப்போது இருந்த ரணஜாய் அதிகாரியும், மகாதேவன் உள்ளிட்ட பிறரும் 2009-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரைக்கும் இந்தத் தொடரடைவே தரவு. சிதைந்தவை, ஐயத்துக்கிடமானவை, திரும்ப வருபவை முதலியவற்றை நீக்கி 1548 தொடர்கள் கொண்ட தொகுப்பு ஒன்றும் அதிலிருந்து உருவாக்கப்பட்டது. வரிகளை நீக்கும்போது இடமும் பொருள்வகையும் அவற்றோடு சரியாக நீங்கினால்தான் எஞ்சிய ஒவ்வொரு வரியும் மொகஞ்சதாரோவா, ஹரப்பாவா என்று சொல்ல முடியும்.

மறுபடியும் சங்கப் பாடல்களுக்கு வருகிறேன். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்தின் ஏடுகளிலிருந்து இன்று விரிதாள் தயாரிக்கும் மாணவர் எந்த நெடுவரிசையையும் ஐயமின்றி ஏற்க முடியாது. வைத்து அடுக்கும் நெடுவரிசை எவ்வளவு நம்பத்தக்கதோ அவ்வளவே அதன் விடையும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒருவராகிவிடுவதில்லை. ஔவையார் என்ற பெயருக்கே இது பொருந்தும். மாறாக, ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் முன்னால் ஒட்டியதால் ஒரே புலவர் மகரத்தின் கீழ் ஒருமுறையும் நகரத்தின் கீழ் ஒருமுறையும் நிற்கக்கூடும். நக்கீரர், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற இரு வடிவங்களைப் பார்த்தாலே தெரியும். ஏட்டிலுள்ள பெயரை அப்படியே ஒரு நெடுவரிசையிலும், பதிப்பாசிரியர் முடிவு செய்த புலவரை இன்னொன்றிலும் எழுதுவதுதான் நேர்மையான வழி.

கலித்தொகையில் இது மிகவும் தேவை. அதன் ஐந்து கலிகளையும் ஐந்து புலவர்களுக்குப் பங்கிட்டுத் தருவது பிற்கால வெண்பா ஒன்று. குறிஞ்சிக்கலியின் 29 பாடல்கள் அதன்படி கபிலருக்கு. சி.வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் அதைப் பதிப்பித்தபோது நூல் முழுவதையும் நல்லந்துவனார் பெயரில் வெளியிட்டார். வெண்பாவின் கணக்கை ஒரு நெடுவரிசையிலும், நல்லந்துவனார் ஒருவரே என்ற கருத்தை மற்றொன்றிலும் எழுதி, ஒரே நிரலை இரண்டு முறை ஓட்டினால், முதல் முறை கபிலர் 235 பாடல்களோடு நிற்பார். இரண்டாம் முறை 206 பாடல்களோடு.